முன்னமே தெரியும்னா

பிரியமுள்ள ரூபிக்கு,

வழக்கமாகக் கடிதத்தின் மேலே எழுதும் வேத வசனத்தை இன்று எழுதக் கை வரவில்லை.

நம் பிள்ளையை அடக்கம் செய்த அன்று, "கர்த்தர் இதை முன்பே அறிந்திருந்தார், இது அவர் சித்தம்" என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ மட்டும் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாய்: "முன்னமே தெரியும்னா, நம்மகிட்ட ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?"

நீ பெரியகுளத்துக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது.

கர்த்தர் சொன்னார், ரூபி. பிள்ளை இறப்பதற்கு முந்தின நாள் காலையில் நர்சம்மா உன்னைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்துச் சொன்னார்: "வயித்துப் பிள்ளைக்குத் துடிப்பு கொறைஞ்சிருக்கு. இப்பவே தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

அன்று சாயங்காலம் நற்செய்திக் கூட்டத்தில் என் பிரசங்கம். சுவரொட்டியில் என் பெயர் இருந்தது. "நாளைக்குப் போறோம்" என்றேன். உன்னிடம் வந்து, "எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாக" என்று பொய் சொன்னேன்.

நான் இப்படிச் செய்வேன் என்பதும் கர்த்தருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. நம் தெருவிலேயே ஆட்டோ நின்றது. நான்தான் கூப்பிடவில்லை.

ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன் இதைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும். உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

மன்னிப்பாயா என்று இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் அடித்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்