பத்திரமாக இருக்கும் மஞ்சள் ஸ்வெட்டர்

ஆக. 5, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். ஈப்போ வெயிலில் கம்பளி நூல் வாங்கப் போகும் ஒரே பைத்தியம் நான்தான் என்கிறார் வீட்டுக்காரர். பொய். சரோஜா அக்காவும் இருக்கிறாள். (இனி ச.அ. முழுப் பெயர் எழுத மை வீண்.)

லான் கடை. வாங்க வேண்டியது: ஊசி, வெள்ளைப் பட்டன், மருமகள் தர்ஷினி பிறந்தநாளுக்கு ஏதாவது நூல். பேங்க் வேலை, ஏர்கோனில் நடுங்குகிறாளாம். போன தீபாவளிக்கே மாம்பழ மஞ்சளில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். "பத்திரமா வெச்சிருக்கேன் அத்தே" என்றாள். போட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை. அவ்வளவு பத்திரம்.

ஊசி மட்டும் வாங்கினேன். நூல் ஒன்றும் பிடிக்கவில்லை.

ஆக. 7, வியாழன்

மறுபடி லான் கடை. பழந்துணி விற்கும் பண்டல் கடைகளில் பழைய ஸ்வெட்டர்களைப் பொறுக்கி, பிரித்து, கழுவி, நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டி ஒரு கூடையில் மலிவாகப் போட்டிருப்பாள் லான். பிரித்த நூல் மீ நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடக்கும். இன்று கூடையில் மாம்பழ மஞ்சள்! போன வருஷம் அந்தக் கலரை வாங்கியது இரண்டே பேர். நானும் ச.அ.வும். அவள் காம்பாரில் இருக்கும் மகளுக்குப் பின்னினாள்.

ச.அ. பக்கத்திலேயே நிற்கிறாள். விடுவேனா.

"அக்கா, உங்க மகளோட ஸ்வெட்டர் போல இருக்கே. காம்பார்லேர்ந்து பஸ் ஏறி வந்திருச்சு."

"சும்மா இரு மல்லிகா."

"பாவம் லா, பின்னினவ. கண்ணு போச்சு, கழுத்து போச்சு. கடைசில பண்டல்ல போட்டுட்டாளே!"

ஒப்பாரி ராகத்திலேயே இழுத்தேன். கடையில் இருந்த இரண்டு சீனக் கிழவிகள்கூட, ஒரு சொல்லும் புரியாமல், சிரித்தார்கள். லானும் சீனத்திதான், ஆனால் செமோரில் ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எல்லாருக்கும் 'நீ'தான்.

"நீ வாய மூடு லா. யாரோடதுன்னு எனக்கே தெரியாது."

ச.அ. ஒன்றும் வாங்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடாக இருந்த நாளிலிருந்து அந்த முகத்தை எனக்குத் தெரியும். அழுவதற்குச் சற்று முந்திய முகம். இரண்டு முழுக்கோழி தின்ற திருப்தி எனக்கு. மஞ்சள் முழுவதையும் நானே வாங்கி வந்தேன்.

ஆக. 8, வெள்ளி

மத்தியானம் மழை. காயப்போட்ட துணி எல்லாம் போச்சு. உட்கார்ந்து நூல் சுற்றினேன்.

மூன்றாவது சிட்டத்தில் மஞ்சள் நின்றுபோய், கொஞ்ச தூரம் கிளிப்பச்சை. பிறகு மறுபடி மஞ்சள்.

என் பச்சை. போன வருஷம் நூல் பத்தாமல் இடது அக்குளில் நான் போட்ட ஒட்டு. அக்குளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று. அவிழ்ந்துவிடக்கூடாதே என்று இறுக்கிய முரட்டு முடிச்சும் அப்படியே.

ஆக, இதுதான் தர்ஷினியின் பத்திரம்.

"தேத்தண்ணி போடலையா?" என்றார் வீட்டுக்காரர். போட்டேன். சீனி மறந்தது. அவருக்கு இனிப்பு நீர் வியாதி, நல்லதுதான்.

ச.அ.வுக்குச் சொல்லலாமா? போனை எடுத்தேன். வைத்தேன். என்னவென்று சொல்வது? 'அக்கா, எழவு உங்க வீட்டுல இல்ல, எங்க வீட்டுல' என்றா?

அழட்டும். அழுது பழக்கம்தானே.

ஆக. 12, செவ்வாய்

பட்டன் வாங்கப் போனேன். ச.அ. எனக்கு முன்னாலேயே அங்கே. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். படத்தில் அவள் மகள், மஞ்சள் ஸ்வெட்டரோடு.

"தூக்கிப் போட்டுட்டியாடின்னு கேட்டு நானும் அழுது, அவளையும் அழ வெச்சேன். ஸ்வெட்டரப் போட்டு, படம் புடிச்சு அனுப்பியிருக்கா. 'அம்மா, உன்னத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதான் கொண்டுபோய் விடணும்'ங்கிறா."

"நல்லா இருக்கு அக்கா. கழுத்துதான் கொஞ்சம் கோணல்."

"கழுத்து கெடக்கட்டும். வாங்குனது ரெண்டே பேரு. அப்ப அந்த நூலு யாரோடது மல்லிகா?"

லான் பட்டன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எவளோடதோ" என்றேன்.

ச.அ. என் கையை எடுத்துத் தடவிக்கொடுத்தாள்.

"பாவம் லா, பின்னினவ."

என் வார்த்தை. என் ராகம். அப்படியே.

ஆக. 24, ஞாயிறு

தர்ஷினி பிறந்தநாள். கோழி வறுவலில் உப்பு தூக்கல். பொட்டலத்தைக் கொடுத்தேன். அதே நூல், அதே டிசைன், அதே அளவு. இந்தத் தடவையும் பத்தவில்லை. இடது அக்குளில் அதே பச்சை.

மகன் ஸ்வெட்டரைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு கோழியை மட்டும் பார்த்தான்.

"ஐயோ அத்தே, எவ்ளோ அழகா இருக்கு! இந்தக் கலர்ல எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

"தெரியும்மா."

ஆக. 26, செவ்வாய்

லானிடம் சொல்லி வைத்தாயிற்று. மாம்பழ மஞ்சள் மறுபடி வந்தால் கூடையில் போட வேண்டாம், எனக்கு எடுத்து வை.