பின்னறையிலிருந்து பேசியது

உங்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் வாசல்கூடத் தெளிக்காமல் பின்னறைக்குப் போய் மைக்கை எடுத்தேன். பழைய ராணுவ ஜீப்பின் இன்டர்காமைப் பழுது பார்த்து முடித்தால், நான் பின்னறையிலிருந்து பேச, நீங்கள் முன்னறையில் ஹெட்போன் மாட்டிக் கேட்பதுதானே வழக்கம்.

போன தடவை நீங்கள் சரிசெய்து கொடுத்த செட்டைத் திருப்பிக் கொண்டுவந்த கயத்தாறுக்காரர், "அண்ணாச்சி, வெறும் இரைச்சல்தான் வருது" என்றார். நீங்கள் கரிசல் தூசியைக் குறை சொன்னீர்கள். எனக்கு உங்கள் காதின்மேல்தான் சந்தேகம் வந்தது.

அதனால்தான் இன்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணவில்லை. "அடுப்படியில தீப்பிடிச்சிட்டு, ஓடி வாங்க" என்றேன்.

"அருமையா கேக்குது ஏட்டி! இன்னும் ரெண்டு வார்த்தை பேசு" என்றீர்கள்.

பேசிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். என் குரலுக்கு மீட்டரில் முள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பட்டாளத்தில் டாங்கிக்குள் இருந்த வருடங்கள் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டன என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். இந்த வேலையும் இல்லையென்றால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்காரர் வருகிறார். அதற்குமுன் நீங்கள் பின்னறைக்குப் போய்ப் பேசுங்கள், ஹெட்போனை நான் மாட்டிக்கொள்கிறேன். இனி எல்லாச் செட்டுக்கும் அப்படித்தான். இதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

உங்களவள்