ஏழு கொக்கி வைத்த ஜாக்கெட்

நைனார்பாளையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தனுஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம், அதைச் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சுகமா என்று உன்னிடம் மட்டும் கேட்கத்தான் இத்தனை பாடு.

இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்துவிட்டதென்றால் பழைய பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். நீ கள்ளக்குறிச்சிக்குக் காலேஜ் போன நாளில் பஸ் காசுக்காக உன் பாவாடை நாடாப்பட்டிக்கு உள்ளே ஒரு பை வைத்துத் தைத்தேனே, அதே இடத்தில் இந்தப் பாவாடையிலும் வைத்திருக்கிறேன். புதுப் பாவாடை என்று கையில் எடுத்தால் முதலில் அங்கேதான் தடவுவாய், எனக்குத் தெரியும். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் இப்போது மடித்து வைத்துவிடு பாப்பா, குளிக்கப் போகும்போது எடுத்துப் படி. உன் போன் உடைந்துவிட்டது என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது. ஒரு போன் ரிப்பேர் பண்ண மூன்று மாதமா? அவர் போனில், அதுவும் ஸ்பீக்கரில் போட்டு, அவர் இருமுவது கேட்க நீ பேசுகிறாய், நல்லா இருக்கேம்மா, சாப்ட்டேம்மா, வெச்சிடட்டுமாம்மா, இந்த மூன்றைத் தவிர நாலாவது வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. அதனால்தான் துணிக்குள் ஒளித்துக் கடிதம் அனுப்பும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் நீ புனேவிலிருந்து பெரிய பெரிய டிசைனர் போட்ட துணிகளின் படத்தை அனுப்பி, இதே மாதிரி முடியுமாம்மா என்று கேட்பாய். எனக்கு அதில் எவ்வளவு கர்வம். கள்ளக்குறிச்சியில் கட்பீஸ் கடையில் நெட்டு துணி பொறுக்கி, என் பழைய பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையைப் பிரித்து வைத்து, நானும் கூடத் தைக்கிற ராஜாம்பாளும் உட்கார்ந்து சமிக்கி கோத்து, லட்ச ரூபாய்த் துணியை நாலாயிரத்தில் முடித்து அனுப்புவோம். ஒரு துணியோடு சேர்த்துத் தைத்த கைப்பை விறைப்பாக நிற்க வேண்டும் என்று உள்ளே அப்பாவின் உரச் சாக்கை வெட்டி வைத்தேனே, யூரியா மூட்டையைத் தூக்கிக்கினு பார்ட்டிக்குப் போறேம்மா என்று நீ எவ்வளவு சிரித்தாய். அப்போதெல்லாம் சிரிக்கத் தெரிந்த பெண்தான் நீ. அவையெல்லாம் பம்பாய்க் கடையில் வாங்கியவை என்று மாப்பிள்ளை ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தை மாதம் அந்தச் சந்தன நிறப் பாவாடையின் கீழ் மடிப்பில் மஞ்சள் வைத்திருக்க மாட்டேன். புதுத்துணி என்றால் என் விரல் தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போகிறது, நான் என்ன செய்ய. ஆபீஸ் விழாவில் யாரோ ஜூஸைக் கொட்ட, நனைந்த இடத்தில் மஞ்சள் பரவ, அவருடைய மேலதிகாரியின் மனைவி இதென்ன கறை என்று கேட்க, நீயும் வெகுளியாக, எங்கம்மா தைச்சாங்க, அவங்க வெச்ச மஞ்சள் என்று சொல்லிவிட்டாய். அவர் கொஞ்சம் கோபப்பட்டாரும்மா என்று மறுநாள் நீ சொன்னாய். நானும் பைத்தியக்காரி மாதிரி, அடுத்த முறை மஞ்சள் வைக்க மாட்டேன் என்று சொல் என்றேன். அந்த வாரம்தான் உன் போன் உடைந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை தனுஷா, உறைக்கவில்லை.

இப்போது அந்த அதிகாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் பாவாடையும் ஜாக்கெட்டுமாக ஒரு செட் வேண்டும் என்று மாப்பிள்ளையே படம் அனுப்பினார், கூடவே உன் அளவும் வந்தது. உன் அளவு ஜாக்கெட் இங்கே என் மிஷின் பெட்டியில் இருக்கிறது, அந்தப் பச்சை ஜாக்கெட், நீ போன பிறகு உனக்குத் தைத்ததெல்லாம் அதை வைத்துத்தான். புதிதாக எதற்கு அளவு என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மார்பு இருபத்தொன்பதரை, கைச்சுற்று எட்டு. பச்சை ஜாக்கெட்டில் முப்பத்து நாலும் பதினொன்றும். ராஜாம்பாள் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னாக்கா இது, எட்டாவது படிக்கிற பொண்ணு அளவா இருக்குது, மாத்தி எழுதிட்டாங்கபோல என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போன் போட்டுக் கேட்டால், சரியான அளவுதான் அத்தை, நானே டேப் புடிச்சேன், அவ டயட்ல இருக்கா என்கிறார். நீ ஆமாம்மா என்றாய், அதோடு சரி. போனை வைக்கும் நேரத்தில், கை மணிக்கட்டு வரைக்கும் வரட்டும் அத்தை, கழுத்தையும் நல்லா மூடி வெச்சிடுங்க என்றார். அவர் அனுப்பிய படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். படத்தில் இருக்கும் ஜாக்கெட்டுக்குக் கையே இல்லை.

நான் முப்பது வருஷமாக இந்த மிஷினை மிதிக்கிறேன். வெயில் கொளுத்தும் சித்திரையில் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்துக் கேட்கிறவர்கள் எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வடக்கனந்தலில் இருந்து செல்லியம்மாள் என்று ஒருத்தி துணி கொண்டுவருவாளே, உனக்கு நினைவிருக்கும், உனக்கு வளையல் எல்லாம் வாங்கித் தந்தவள். அவள் ஒரு வருஷம் பூராவும் நீளக் கையாகவே தைக்கச் சொன்னாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னபோது அவள் முகம் சுளித்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டு டேப்பைத் தளர்த்திப் பிடித்தேன், அவ்வளவுதான் நான் செய்த உபகாரம். அடுத்தவர் வீட்டு விஷயம், நமக்கு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு அழகாக முழுக்கை தைத்துக் கொடுத்தேன். கடைசியில் அவளை அவள் அண்ணன் வந்துதான் தூக்கிக்கொண்டு போனான். அந்தப் பாவம் இப்போது என் மடியிலேயே வந்து விழுந்துவிட்டதா என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. என் மகளுக்கு நானே முழுக்கை வெட்டுகிறேன், கத்தரி என் கையில் இருக்கிறது, வெட்டாமல் இருக்கவும் முடியவில்லை, வெட்டவில்லை என்றால் அந்தக் கோபமும் உன் மேல்தானே விழும்.

அப்பாவிடம் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. இன்னாத்துக்கு இப்படி அழுதுகினு கெடக்கற, பட்டணத்துல பொம்பளைங்க எளைக்கறதுக்கே காசு குடுக்கறாங்களாம், மாப்ள நல்ல மனுசன்யா என்றார். டேப்பில் எட்டு அங்குலத்தை வளைத்து அவர் கையிலிருந்த டீ டம்ளரைச் சுற்றிப் போட்டேன், சரியாக நின்றது, உம் பொண்ணு கை இவ்ளோதான்யா இருக்குது என்றேன். டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், டீ ஆறிப் போனது. மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டப் போக வேண்டியவர் போகவே இல்லை. பிறகு, போய்க் கூட்டிக்கினு வந்துடலாம், ஊரு இன்னா சொன்னா இன்னா, நம்ம பொண்ணு நம்ம வூட்ல இருந்துட்டுப் போவட்டும் என்றார். உன் அப்பா வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது தனுஷா, இதை நீ நம்ப வேண்டும். தங்கச்சி இருக்கிறாள், அவளை யார் கட்டுவார்கள், அப்பா தலைகுனிவார் என்றெல்லாம் நீ கணக்குப் போட்டுக்கொண்டு சகித்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கை இன்றோடு கிழித்துப் போடு. அருள்மொழியே சொல்லிவிட்டாள், அக்காவை அழைச்சிக்கினு வாங்க, எனக்கு அதுக்கப்புறம் பாத்துக்கலாம் என்று.

அப்படியானால் உடனே கிளம்பி வர வேண்டியதுதானே என்று நீ கேட்கலாம். நாங்கள் பாட்டுக்கு வந்து வாசலில் நின்றால் நீயே, ஒண்ணும் இல்லம்மா, டயட்டும்மா என்று சொல்லி எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா, சின்ன வயதில் முள் குத்தினாலும் காலை மறைத்துக்கொண்டு நடப்பவள் ஆயிற்றே. அதற்குப் பிறகு அந்தக் கதவு எங்களுக்குத் திறக்காது, உனக்கும் அடி கூடும். உன் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும் பாப்பா. அவர் கேட்டுக்கொண்டிருந்தாலும் சொல்லக்கூடிய வார்த்தையாக இருக்க வேண்டும். அதை யோசித்துத்தான் இரண்டு நாள் மிஷினைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

துணியைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். ஜாக்கெட்டை அவர் கொடுத்த அளவுக்குத்தான் தைத்திருக்கிறேன், ஆனால் உள்ளே இரண்டு பக்கமும் துணியை வெட்டாமல் மடித்து விட்டிருக்கிறேன், கையிலும் அப்படியே. தையலைப் பிரித்தால் பச்சை ஜாக்கெட் அளவுக்கு வந்துவிடும். அந்த எட்டு அங்குலத்தை உன் அளவு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த முறை துணியில் மஞ்சள் வைக்கவில்லை, இந்தக் கடிதத்தின் மூலையில் வைத்திருக்கிறேன், பார். பையில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள் இருக்கிறது, அது வேறு எதற்கும் செலவழிக்க இல்லை, அவசரத்துக்கு ஆட்டோ பிடித்து ரயில் ஸ்டேஷனுக்கு ஓட.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போன் போடுவேன். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாயா, எப்படி இருக்கிறது என்று அவர் காதில் விழும்படியே கேட்பேன், தைத்தவள் கேட்பதில் என்ன தப்பு. எல்லாம் சரியாக இருந்தால், நான் நினைத்ததெல்லாம் என் பைத்தியம் என்றால், நல்லா இருக்குதும்மா என்று சொல். சாமி சத்தியமாக அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவேன். நாங்கள் வர வேண்டும் என்றால், கொக்கி பிஞ்சிடுச்சும்மா என்று மட்டும் சொல். ஒரு ஆம்பிளைக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் கிடையாது. அன்று மதியமே நானும் அப்பாவும் சேலம் பஸ் ஏறிவிடுவோம், அங்கிருந்து புனேவுக்கு எந்த ரயில் கிடைக்கிறதோ அதில். எங்கள் துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடாதே, உன் தட்டைப் பார்த்துச் சாப்பிடு. இதைப் படித்ததும் துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடு, மூலையில் இருக்கும் மஞ்சளை மட்டும் நெற்றியில் தொட்டு வைத்துக்கொள். உன் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நூறு வருஷம் இரு என்று வாழ்த்த வேண்டிய நான், இருக்கிற உயிரோடு என்னிடம் வந்து சேர் என்று வாழ்த்துகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. ஜாக்கெட்டில் ஏழு கொக்கி. ஏழையும் ராஜாம்பாளிடம் விடாமல் நானே தைத்தேன், ஒவ்வொன்றுக்கும் இரட்டை நூலில் பன்னிரண்டு சுற்று, பல்லால் கடித்து இழுத்தும் பார்த்துவிட்டேன். துணி கிழிந்தாலும் கிழியும், அந்தக் கொக்கி பிய்யாது. அதனால் பிய்ந்துவிட்டது என்று நீ சொன்னால் எனக்குப் புரிந்துவிடும்.

உன் அம்மா,
செ. பெரியநாயகி