வைஸில் மாட்டுவதையே அனுப்பு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. இந்த நாலு வரிக்குள் மூன்று தடவை எழுந்துபோய் நம் கார் பட்டறை வாசலைப் பார்த்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால், மணி அடித்ததுமே அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரைப் போடு என்கிறார். அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பிரேக் பைப் முனையை விரிக்கிற டூல் ஒன்று வாங்கி அனுப்புகிறேன், எது வேண்டும் என்று மூன்று படம் அனுப்பியிருந்தாய். அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நடுவில் இருக்கிற கையடக்கமானதைச் சொல்லிவிட்டார். வண்டிக்கு அடியில் படுத்தபடியே பைப்பைக் கழற்றாமல் விரிக்கலாமாம். தயவுசெய்து அதை வாங்காதே. முதல் படத்தில் இருக்கும், பைப்பைச் செருகி இறுக்குகிற ஓட்டைப் பட்டை எங்களிடமே இருக்கிறது, அதில் பைப் வழுக்குகிறது. பழைய வண்டியின் பெட்ரோல் பைப்புக்கு ஒற்றையாக விரித்தால் போதும், ஒழுகினால் வாடையே சொல்லிவிடும். பிரேக் பைப் அப்படி இல்லை, விரித்த உதட்டை மறுபடி உள்ளே மடித்து இரட்டையாக்க வேண்டும், அதில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மிதிக்கிற அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு வேண்டியது மூன்றாவது, மேஜை இடுக்கியான வைஸில் இறுக்கி நெம்புகோலை இழுக்கிற மாதிரி. கனமாக இருக்கும், அனுப்பச் சிரமம்தான், தெரியும். ஆனால் அது மேஜையோடு நிற்கும். மேஜை என் பக்கம் இருக்கிறது. யார் எதை விரித்தாலும் என் கண்ணில் படாமல் வண்டிக்குப் போகாது. ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறேன் என்று நீ கேட்பாய்.

இரு, வண்டிச் சத்தம். பார்த்துவிட்டு வருகிறேன். இல்லை, தண்ணீர் லாரி.

விஷயம் இதுதான். காலையில் மேஜைக்கு அடியில் கூட்டும்போது இரண்டு பைப் துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம், முனை விரித்து அறுத்துப் போட்டவை. பைப்பில் முதலிலேயே கோர்க்க வேண்டிய நட்டை மறந்து முனையை விரித்துவிட்டுத் தலையில் கை வைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பதுதான், எனக்கும் நடந்திருக்கிறது. அப்படியென்றால் விரித்த முனையாவது ஒழுங்காக இருந்திருக்கும். இவை இரண்டும் கோணல், ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் காகிதமாக இருந்தன. நேற்று அப்பா போட்டது ஒரே ஒரு பைப்தான், நர்ஸம்மா காருக்கு முன்சக்கரப் பைப். பைப் சுருள் அதோடு தீர்ந்துவிட்டது என்று அவரே சொன்னார். அப்படியானால் இரண்டு விரல் நீளம் குறைந்த பைப்பை இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறார். மூன்றாவது தடவை விரித்த முனை எப்படி வந்ததோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்தம்மா அந்தக் காரில்தான் மலைப் பாதையில் வீடு வீடாகப் போகிறார். போன் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பில் கேட்டால், கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு, பிடிச்சு சொல்லிடுறோம்னு சொன்னார்கள். அந்தக் கார் திரும்பி வருகிறதா என்றுதான் வாசலையே பார்க்கிறேன். எனக்குக் கோபம் அப்பா மேல் இல்லை, என் மேல்தான். நாலைந்து மாதமாகவே அவர் அளவுகோலை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறார். கேட்டால் பல்பு சரியில்லை என்பார். நானும் பல்பை மாற்றினேன். மூன்று பல்பு மாற்றினேன்.

மேலே எழுதியது காலையில், இப்போது சாயங்காலம். காலையில் எழுதிக்கொண்டிருந்தபோதே நர்ஸம்மாவே கூப்பிட்டார், பெடல் கொஞ்சம் கீழே போகுது, ஓரமா நிறுத்திட்டேன், மலை ஏறுறதுக்கு முன்னாடியே பார்த்தது நல்லதாப் போச்சு என்று. வண்டியை அசைக்கவே வேண்டாம், வருகிறோம் என்றேன். பிறகு துண்டுகள் இரண்டையும் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கண்ணால் பார்க்கவே இல்லை, கட்டைவிரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினார், அவ்வளவுதான். வள்ளென்று விழுவார் என்று நான் தயாராக நின்றேன். போகிற வழியில் கடையில் புதுச் சுருள் வாங்கிக்கலாம், நீயும் வா, முனையை நீயே போடு என்றார். போனோம். கழற்றும் முன் பார்த்தால் பைப் கொடிக்கயிறு போல விறைத்திருந்தது, நட்டோரம் ஆயில் ஈரம். சாலையோரம் குந்தி உட்கார்ந்து அந்த ஓட்டைப் பட்டையிலேயே நான் விரித்தேன், அவர் பட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டார். பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, பெடல் கல்லாக நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நர்ஸம்மா அவரைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய் என்னவோ பேசினார். நாளை மறுநாள் கண் டாக்டரிடம் போகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் யாருக்கு எழுதுகிறாய் என்றார். மறைக்கவில்லை, எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பல்பு வரியில் மட்டும் சிரித்தார். பிறகு, வைஸ்ல மாட்டுறதையே அனுப்பச் சொல்லு, அம்மா வசதிக்குன்னு எழுதாதே, எனக்குக் கண்ணு தெரியலன்னு எழுது, அப்பாவே சொன்னதா எழுது என்றார். எழுதிவிட்டேன்.

உன் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், மாதம் ஒரு தடவையாவது அவளோடும் பேசு. உன் காரின் பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று பார், தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அனுசரணையாக, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

கீழே இருக்கிற கையெழுத்து அப்பாவுடையது. நானும் போடுகிறேன் என்றார். எங்கே போடணும், விரலை வைச்சுக் காட்டு என்று கேட்டார், காட்டினேன்.