அம்மா சொல்லச் சொல்ல எழுதிய பதில்

பிப்ரவரி 6, வியாழன்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நான் எழுதிய கடிதம் பெண்கள் வார இதழில் வந்துவிட்டது. 'வாசகியரே, வழி சொல்லுங்கள்' பகுதியில், பெயரில்லாமல். பத்தாவது முடிந்ததும் பெரியம்மாவின் தையல் கடையில் உட்கார வைக்கப் போகிறார்கள், எனக்கு மேலே படிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். தையல் கடையை மளிகைக் கடை என்று மாற்றியிருந்தேன். பெரிய கெட்டிக்காரி.

எங்கள் மாடியில் நான்கு வீட்டுக்கும் ஒரே பிரதி. அம்மா பிறந்த வருடம் தொடங்கிய பத்திரிகையாம். அதனால் முதல் வாசிப்பு அம்மாவுக்கு. பிறகு நர்ஸ் அக்கா, எதிர்வீட்டு டீச்சர். கடைக்கோடி வீட்டு அத்தையிடம் போய்ச் சேரும்போது ஆளாளுக்கு வெட்டி எடுத்ததில் சல்லடையாகியிருக்கும். என் கடிதத்தை மட்டும் யாரும் வெட்டித் தொலைக்கமாட்டார்கள்.

பிப்ரவரி 7

நாள் முழுக்க அதே பேச்சு.

"பெத்தவளா அவ? கல்லுலகூட ஈரம் இருக்கும்."

சொன்னது யார்? என் அம்மா. தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நல்ல பதிலுக்குக் குக்கர் பரிசாம். அம்மா ஆறு வருடமாக எழுதிப் போடுகிறாள், ஒரு கரண்டிகூட வந்ததில்லை. அவள் எழுத்து அவளுக்கே புரியாது. அதனால் சொல்லச் சொல்ல எழுதுவது எப்போதும் நான்தான்.

"எழுதுடி. 'அன்புச் சகோதரி, கடை எங்கயும் ஓடிப் போகாது. பொண்ணு படிப்பு போனா வராது.' எழுதினியா?"

எழுதினேன். அதே கையெழுத்து. பத்திரிகை அலுவலகத்தில் யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்?

பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அப்ப நான்?"

"நம்ம கதை வேற. நிறுத்தாம எழுது."

என்ன வேற? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது.

பிப்ரவரி 20

பதினொன்றாம் வகுப்புப் படிவத்தை நீட்டினேன். "அப்புறம் பாக்கலாம்." இன்னும் நாளிருக்கிறது, மார்ச் ஏழுதான் கடைசி நாள். ஆனாலும் அம்மாவின் 'அப்புறம்' எனக்குத் தெரியாதா?

மார்ச் 6, வியாழன்

அம்மாவின் பதில் வந்துவிட்டது. கட்டம் கட்டி, பெயர் போட்டு. குக்கரும் அவளுக்குத்தான். நான்கு வீடும் எங்கள் கூடத்தில்.

டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார். "நறுக்குன்னு சொல்லியிருக்கீங்க. ஆமா, உங்க பொண்ண எங்க சேக்கறீங்க?"

எல்லோரும் போனபிறகு அம்மா அத்தை வீட்டிலிருந்து பழைய இதழை வாங்கிவந்து என் கடிதத்தை மறுபடி படித்தாள். "மளிகைக் கடைக்குப் போற பொண்ணுக்கு எதுக்கு இஞ்ச் டேப் வாங்கி வச்சாங்க?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

கடிதத்தில் கடையை மாற்றிய நான் டேப்பை மாற்றவில்லை. மடச்சி. பிறகு அம்மா பெரியம்மாவுக்குப் போன் செய்தாள். என்ன பேசினாள் என்று என் காதில் விழவில்லை. இப்போது காலடிச் சத்தம்... கதவைத் தட்டுகிறாள்.

"வெளக்கு எரியறது தெரியுதுடி. கேள்வியும் நீயே எழுதிட்ட, பதிலும் நீயே எழுதிட்ட. கையெழுத்துப் போட மட்டும்தான் நான் வேணும் போல. அந்தப் பள்ளிக்கூடத் தாள எடுத்துக்கிட்டு வெளிய வா."