கண்ணுக்குப் பயந்த பயோடேட்டா

என் அன்பு மகள் இனாஸுக்கு,

இறைவன் காவலில் நீ அந்த வெளிநாட்டில் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நலம், மனதைத்தான் சொல்ல முடியவில்லை. இன்று காலை தொழுகை முடிந்ததும், காலை உணவுக்கான அவரைக்கொட்டையைக்கூட அடுப்பில் ஏற்றாமல், நீ அனுப்பிய பயோடேட்டாவைத்தான் முதலில் திறந்து படித்தேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

அதில் எங்கே பார்த்தாலும் உதவினேன், உடனிருந்தேன் என்றே போட்டிருக்கிறாய். அந்தத் தையல்காரப் பெண்ணின் கழுத்துக் கட்டியைக் காசநோய் என்று எல்லோரும் முடிவு கட்டியபோது, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டையை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்லி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்று என்று சொன்னவள் நீதானே? அதற்கு ஒரு வரிகூட இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்தால் சுமாராக எழுதினாள் என்றும், புதுச் சட்டை போட்டால் பழசு என்றும் சொல்கிற வீட்டில் வளர்ந்தவள் நீ. கண்பட்டுவிடும் என்ற பயம் உன் கைக்கும் வந்துவிட்டது. அங்கே இதைப் படிக்கிறவர்களுக்கு அது பணிவாகத் தெரியாது மகளே, வேலை தெரியாதவள் என்றுதான் நினைப்பார்கள். எத்தனை வகைத் திசு பார்த்தாய், எதைத் தனியாகப் பார்த்து முடிவு சொன்னாய் என்பதை முதல் பக்கத்திலேயே எழுது.

இனி எழுத வேண்டியதை எழுதத்தான் பயமாக இருக்கிறது. நீ வேலை தேடுவது தெரிந்தால் ஊரே கண் வைக்கும் என்று உன் அப்பா முடிவெட்டும் ஹம்தியிடம், "டாக்டர் வேலையெல்லாம் வேணாம்னு விட்டுட்டாப்பா, ரொட்டிக்கடையில நிக்கிறா" என்று பெருமூச்சு விட்டுச் சொல்லியிருக்கிறார். அதே நாற்காலியில்தான் இங்கே ஆஸ்பத்திரியில் உன் துறைத்தலைவராக இருந்த டாக்டர் வக்தியும் உட்காருகிறார். நேற்று மருந்துக்கடையில் என்னைப் பார்த்ததும் அவர், "என்னம்மா, நம்ம பொண்ணு மைக்ராஸ்கோப்ப விட்டுட்டு ரொட்டி விக்கப் போயிட்டாளாமே, அதுக்கா நான் அவ்ளோ திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தேன்?" என்றார். நான் சிரித்து வைத்தேன். அவர் அதோடு விடவில்லை. "லைப்சிக்ல ஒரு ஆஸ்பத்திரி அவளப் பத்தி என்கிட்ட கேட்டு எழுதியிருக்கு. அவதான் தொழிலையே விட்டுட்டாளே, எவளோ அவ சர்ட்டிபிகேட்ட வச்சு ஏமாத்தறா. சனிக்கிழமை போய், இது மோசடின்னு எழுதிப் போட்டுடறேன், நீங்க கவலப்படாதீங்க" என்றார்.

பக்கத்தில் நம் மாடிவீட்டு சனிய்யா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இல்லை டாக்டர், அது என் மகள்தான் என்று சொல்ல வாய் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. வெளியே வந்ததும் சனிய்யா, "ரொட்டிக்கடையானா என்ன இனாஸ் அம்மா, ஹலாலான சம்பாத்தியம்தானே" என்று என் முதுகைத் தடவினாள். அக்டோபரில் உன் விசா முடிகிறது. அந்த ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் இந்த ஆஸ்பத்திரி மட்டுமல்ல, எந்த ஆஸ்பத்திரியும் உன்னை உள்ளே விடாது. இரவெல்லாம் இதையே நினைத்துக் கிடந்தேன். அப்பாவிடம் சொன்னேன், "கொஞ்சம் பொறு, வேலை கிடைச்ச பிறகு எல்லாருக்கும் சொல்லிக்கலாம்" என்கிறார். பயத்தில் அவருக்கு எது முன்னே எது பின்னே என்றே தெரியவில்லை. நீயும் டாக்டருக்கு எழுது, ஆனால் அதையும் அந்த மோசடிக்காரியே எழுதியதாக அவர் நினைத்தால் என்ன செய்வது?

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. பயோடேட்டாவில் கைபேசி எண்ணைச் சரிபார்க்க மறக்காதே. உன் கண்ணுக்கும் கைக்கும் இறைவன் தெளிவைத் தரட்டும், உன் பாதையில் நல்லவர்களையே நிறுத்தட்டும்.

சனிக்கிழமை காலை, டாக்டர் தன் அறைக்கு வருவதற்கு முன்பே நான் அந்த வாசலில் நிற்கப்போகிறேன். அங்கே எப்போதும் நம் தெருக்காரர்கள் யாராவது ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பார்கள். இருக்கட்டும். அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, என் மகள் நோய்க்குறியியல் மருத்துவர், லைப்சிக்கில் வேலை கேட்டிருப்பது அவள்தான் என்று சொல்லப்போகிறேன். உன் அப்பாவுக்குக்கூட இது இன்னும் தெரியாது.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
நஜ்லா
தமன்ஹூர்