கீழேரியில் வெடித்த வெள்ளித் துப்பாக்கி

நலம் நிலைக்க. சுனை வற்றாத மலையும், மலையை நம்பிய குடிகளும், குடிகளை நம்பிய செங்கோலும் வாழ்க. சுனைமலை நாடாளும் அரசி நிறைமதியாரின் திருவாணையின்படி, பேரமைச்சன் வயிரவநாதன், செவ்வாற்றுத் துறைக்கோட்டையை இரவும் பகலும் காத்துவரும் தலைவர் இளஞ்சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் மதிலும், உம் படகோட்டிகளின் தோளும், உம் இல்லத்து அடுப்பும் குறைவின்றி இருக்க வாழ்த்துகிறோம். இதைத் தனியே இருந்து நீரே படிக்க. உம் கணக்கனைக் கொண்டு படிப்பிக்க வேண்டா. அவன் நல்லவன்தான், ஆனால் ஓட்டைவாயன்.

வெண்கழி வேந்தர் உலகுடையாரின் உடன்பிறந்த தம்பியும், நம் நாட்டுக்கு நட்புத் தூதராக வந்தவருமான கடம்பனார், கீழேரிக் களத்தில் துப்பாக்கி வெடித்து மாண்டார் என்ற செய்தி இதற்குள் உம்மை எட்டியிருக்கும். முரசுக்குத் துணி போர்த்தித் துக்கம் காக்கச் சொன்ன ஆணையும் வந்திருக்கும். அந்த ஆணை அப்படியே நிற்கட்டும். உமக்கு மட்டும் சொல்கிறோம்: கடம்பனார் உயிரோடு இருக்கிறார். அவர் மனைவி உமையாளும், ஆறு வயது மகள் வடிவும் அண்ணனின் அரண்மனையில் சிக்கியிருக்கிறார்கள். அவர்களை உயிரோடு ஆறு கடத்துவது இனி உம் கையில் இருக்கிறது. நடந்ததை முழுதும் அறிந்தால்தான் இனி நடக்கவேண்டியதை நீர் பிழையின்றிச் செய்வீர் என்பதால் விரித்தே எழுதுகிறோம்.

கீழேரியில் கோடைதோறும் நடக்கும் கூத்தை நீர் அறிவீர். நீர் வற்றியதும் ஊரார் தத்தம் நாட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கிவிடுகிறார்கள். கரையை ஒட்டி மரக்கட்டைகளை நட்டு, அவற்றின் மேல் பூசணிக்காய்களை வைத்து, ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டிக் கயிற்றுக்கு இப்பால் நின்று சுடுகிறார்கள். கொல்லன் சுடுகிறான், மிளகு வணிகன் சுடுகிறான், நம் அரசியாரும் சுடுகிறார். அரசியார் குறி தவறினால் கூட்டம் வாய்விட்டுச் சிரிக்கிறது. இது அரச கண்ணியத்துக்கு ஒவ்வாது என்று யாம் முறையிட்டு முறையிட்டு ஓய்ந்துபோனோம்.

கடம்பனார் வந்த மறுநாளே அக்களத்தில் ஒட்டிக்கொண்டார். பருத்த உடம்பு, எதற்கும் குலுங்கிச் சிரிக்கும் வயிறு. மன்றத்தில் அவருக்காகப் பரிமாறிய இலைகள் காய்ந்தன. அவரோ ஏரிக்குள் வேர்வை வழிய, கொல்லனிடம் இரவல் வாங்கிய துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தார். அந்தத் துப்பாக்கி இடப்பக்கம் இழுக்கும் என்பது அவருக்குத் தெரியாது. குண்டுகள் பூசணிக்காயைச் சுற்றிலும் மண்ணைக் கிளப்பினவே தவிர, காயைத் தொடவில்லை. களத்துக்குப் பூசணி விற்கும் சாமாத்தாள் என்பவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், "சாமி, பூசணிக்குத் திருஷ்டி கழிக்கிறீங்களா? குண்டு சுத்திச் சுத்தி வருதே" என்று கேட்டாள். தூதரை இப்படிக் கேட்கலாமா என்று யாம் திகைத்து நிற்க, அவரோ தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று முதல் அவளிடம் காசு கொடுத்து வாங்கிய பூசணியைத்தான் சுடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

இனி அந்த நாளுக்கு வருவோம். உலகுடையார் நம் அரசியார்க்கென்று அனுப்பிய பரிசு ஒரு துப்பாக்கி. குழலின் அடிப்பகுதி முழுதும் வெள்ளித் தகடு வேய்ந்து, தகட்டில் அன்னமும் கொடியும் இழைத்திருந்தார்கள். கண்ணைப் பறிக்கும் வேலை. அரசியார் களத்திலேயே அதை வாங்கிச் சுட விரும்பினார்.

உலகுடையார் ஒன்றை அறியாமல் போனார். வெண்கழியில் பரிசுப் பொருளைக் கொடுப்பவர் முதலில் பயன்படுத்தினால் அது எச்சில். பெறுபவர் கையே முதலில் படவேண்டும். அங்கே பெரியவர்கள் தம் கையால் துப்பாக்கி கெட்டிப்பதும் இல்லை. பணியாள் கெட்டித்துத் தர, வாங்கிச் சுடுவார்கள். நம் கீழேரியிலோ முறை நேர் எதிர். புதுத் துப்பாக்கியைக் களத்துக்குக் கொண்டுவருபவர் யாராயினும், தம் கையாலே கெட்டித்துத் தாமே முதற்குண்டைச் சுடவேண்டும். சமைத்தவள் உப்புப் பார்த்துவிட்டுப் பரிமாறுவது போன்றதுதான் இதுவும்.

கடம்பனார்க்கு இதைச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது. அரசியார்க்கு எச்சில் பண்டமா என்று மறுத்தார். கூட்டம் விடவில்லை. அவர்கள் கொண்டாட்டத்தைக் கெடுக்க மனமின்றி, கடைசியில் துப்பாக்கியை வாங்கிக் கயிற்றருகே வந்தார். அப்போது அவரோடு வந்த வீரணன் என்னும் பணியாள், அரண்மனை வெள்ளிக்கோலைப் பிடித்து நிற்கவேண்டியவன், அதைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, "எசமான், நான் கெட்டிக்கிறேன், குடுங்க" என்று மருந்தை இறுக்கும் இடிகோலைப் பற்றினான்.  அந்த அவசரத்தின் பொருள் அப்போது எமக்கு விளங்கவில்லை. கடம்பனார் அவனைச் சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் திருப்பி அனுப்பினார்.

அந்தச் சில நாட்களில் நம் ஆட்களிடம் அவர் ஒரு பழக்கம் கற்றிருந்தார். மருந்து கொட்டுமுன் வெறுங்குழலுக்குள் இடிகோலை நழுவவிடுவார்கள். அது அடி இரும்பில் மோதிக் கணீர் என்று கேட்டால் குழல் காலி. அன்று கோல் கணீர் என்னவில்லை. மெத்தென்று எதிலோ முட்டி, வாய்க்கு வெளியே ஒரு சாணுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. கோலை இழுத்தபோது நுனியில் மெழுகு ஒட்டியிருந்தது. வெள்ளித் தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அடியில் இருந்த இரும்பு, அரத்தால் தேய்ந்து தாள்போல் மெலிந்திருந்தது.

பக்கத்தில் நின்றவர் யாம் ஒருவரே. அந்த முகத்தை யாம் மறக்கமாட்டோம். புறப்படும் நாளில் அண்ணன் அவரைத் தழுவி, அரசி சுடும்போது அவர் தோளோடு தோள் ஒட்டி நில், அதுதான் நம் அன்புக்கு அடையாளம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். உமையாளும் வடிவும் வெண்கழித் திருவிழா முடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று தம் அரண்மனையில் நிறுத்திக்கொண்டதும் அவரே. பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பியின் மேல் ஊர் வைத்த பிரியம் உறுத்தியது போலும். ஒரே வெடியில் அரசியும் தம்பியும் என்று திட்டமிட்டிருக்கிறார். கடம்பனார் இவற்றையெல்லாம் அந்த ஒரு நொடியில் கூட்டிப் பார்த்துவிட்டார். தாயற்ற வீட்டில் தமக்குச் சோறூட்டி வளர்த்த கை அது என்று பின்னர் எம்மிடம் சொல்லி அழுதார்.

அப்போது அவர் தாழ்ந்த குரலில் சொன்னதை மெருகேற்றாமல் எழுதுகிறோம்: "ஐயா, இதுக்குள்ள ஏற்கெனவே கெட்டிச்சிருக்கு, சுட்டா குழலே வெடிச்சிடும். நானே சுட்டுடறேன். நான் போயிட்டா அண்ணனுக்கு வேண்டியது கிடைச்சிடும், உமையாளையும் புள்ளையையும் விட்டுடுவாரு. நான் உயிரோட திரும்பிப் போனா மூணு பேரையும் விட்டுவைக்க மாட்டாரு."

சாவதென்று துணிந்துவிட்டீர் ஆயின் அதை முறையாகச் செய்வோம், உயிரை மட்டும் வைத்துக்கொள்ளும் என்றோம் யாம். எம் வாழ்நாளில் இத்தனை விரைவாக யாம் எதையும் முடிவு செய்ததில்லை.

கெட்டித்தாயிற்று, வெயில் கண்ணைக் குத்துகிறது, பழைய மதகுப் பக்கமிருந்து சுடுகிறேன் என்று அவர் உரக்கக் கூறினார். துப்பாக்கி கெட்டித்துவிட்டால் சுடுபவர் தவிர எவரும் கயிற்றைத் தாண்டக்கூடாது என்பது களத்தின் கட்டுப்பாடு ஆதலின், உடன் சென்ற எம்மைத் தவிர யாரும் பின்தொடரவில்லை. மதகுச் சுவரின் மறைவில் துப்பாக்கியைக் கல்லோடு கட்டி, அவர் தலைப்பாகையைக் கிழித்து விசையில் முடிந்து, சுவருக்குப் பின்னே படுத்து இழுத்தோம். இழுத்தவர் அவர்தான். குழல் நெடுக்கப் பிளந்தது. சிதறிய இரும்பொன்று சுவரின் விளிம்பில் பட்டுத் தெறித்து அவர் கன்னத்தைக் கிழித்ததால், குருதிக்கு யாம் ஆட்டைத் தேடவேண்டியிருக்கவில்லை. புகை அடங்குமுன் எம் மேலாடையால் அவரை மூடிவிட்டோம்.

முதலில் ஓடிவந்தவர் அரசியார். காதில் ஒரு சொல் சொன்னோம். அவர் அழுத அழுகையை நம்பாதவர் களத்தில் இல்லை. பின்னர் கேட்டபோது முற்பாதி மெய்யாகவே அழுதேன் என்றார். அன்று மாலையே மூடிய பாடை எரிந்தது. அதில் எரிந்தது வேட்டையில் விழுந்த ஒரு மான். அந்தப் பாவம் எம் தலையில் இருக்கட்டும். சாமாத்தாள் தன் பூசணிகளையெல்லாம் களத்திலேயே போட்டு உடைத்துவிட்டு, அரண்மனை வாயிலில் வந்து நின்று, "அந்தப் புள்ளைக்கு இனி யாரு இருக்கா" என்று எம்மைக் கேட்டாள். அவளுக்கும் யாம் உண்மை சொல்லவில்லை.

வீரணன் பாடை எரியும்வரை காத்திருக்கவில்லை. குதிரையேறிப் பறந்துவிட்டான். குழலுக்குள் விட்ட கோல் நின்றதை அவன் கூட்டத்திலிருந்து கண்டானா, மதகுக்குப் போனதன் காரணத்தை ஊகித்தானா என்பது எமக்குத் தெரியாது. யாம் உறக்கமின்றிக் கிடப்பது இதனாலேயே.

அயல்மண்ணில் மாண்டவனின் எலும்பை அவன் மனைவியும் மக்களும் நேரில் வந்து பெற்றுக் கடலில் கரைக்கவேண்டும் என்பது வெண்கழி வழக்கம். அதைத் தடுப்பவன் குலம் விளங்காது என்று அவர்கள் நம்புகிறார்கள். உலகுடையார் ஊர் வாய்க்கு அஞ்சியேனும் அவர்களை அனுப்புவார். காவல் என்ற பெயரில் படையும் வரும், வீரணனும் வருவான். செவ்வாற்றின் அக்கரையில் நிற்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் கெட்டித்தே இருக்கும் என்று எண்ணிக்கொள்க.

நீர் செய்யவேண்டியது இது. நன்கு நீந்தும் படகோட்டிகளோடு ஒரே ஒரு படகை அக்கரைக்கு அனுப்புக. சிதை அவிந்த இடத்தில்தான் எலும்பைத் தருவோம், ஆயுதம் தரித்தவர் அங்கு வருவது எங்கள் நாட்டு வழக்கத்துக்குப் பொருந்தாது என்று பணிவாகக் கூறித் தாயையும் மகளையும் மட்டும் ஏற்றுக. அப்போது வீரணன் படகைப் பார்க்கமாட்டான். அவ்விருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆதலின் உமையாளிடம் எதுவும் சொல்லற்க. அவள் வெள்ளை உடுத்து, மார்பில் அறைந்துகொண்டு வருவாள். தேற்றவேண்டும் என்று உம் நெஞ்சு துடிக்கும். உமக்கும் பெண் மக்கள் உண்டு என்பதை யாம் அறிவோம். ஒரு சொல்லும், ஒரு கண்சாடையும் வேண்டா. குழந்தை வடிவு ஒருமுறை சிரித்துவிட்டால் அக்கரையிலிருந்து குண்டு வரும்.

இனி ஒன்று. இவ்வோலையை உம் கையில் தந்தவனை நிமிர்ந்து பாரும். பூசணி வண்டிக்காரனாக வந்து, கன்னத்தில் கட்டுப் போட்டு நிற்கும் பருத்த மனிதர் கடம்பனார். தம் மனைவியை முதலில் காணும் இடத்தில் தாம் இருக்கவேண்டும் என்று அரசியார் காலில் விழுந்து வரம் பெற்றே வந்திருக்கிறார். யாமும் தலையசைத்தோம். ஓலை முத்திரையிட்டது ஆதலின், இதற்குக் கீழே எழுதியிருப்பது அவருக்குத் தெரியாது.

அக்கரையில் அழுகுரல் எழுந்தால் அது உம் கோட்டைக்குள் தெளிவாகக் கேட்கும். கேட்டால் அவர் ஓடுவார்; எவராலும் நிறுத்த முடியாது. ஆகவே இதைப் படித்து முடித்ததும், முகத்தில் எதையும் காட்டாமல், உணவு உண்ண வாரும் என்று அழைத்துச் சென்று நெற்களஞ்சியத்துள் விட்டுக் கதவை அடைத்துத் தாழிடுக. தாழிடுமுன் கையையும் வாயையும் துணியால் கட்டுக. அவர் உம்மை மனத்துக்குள் சபிப்பார், கதவில் தலையை மோதுவார். படகு நம் கரையில் தட்டி, இருவரும் மதிலுக்குள் வந்து சேரும்வரை தாழை நீக்கற்க. பிறகு நீர் ஒன்றும் பேசவேண்டா. உமையாளைக் களஞ்சிய வாயிலுக்கு அழைத்துச் சென்று, சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு விலகி நில்லும்.

இது அரசி நிறைமதியாரின் ஆணை. சுனை முத்திரை இட்டது. செய்து முடித்து மறுமொழி விடுக்க. முடியாவிடில் மறுமொழி வேண்டா, அக்கரை வெடியோசை எமக்கு வந்து சேரும்.